நெவில் ப்ராஸரின் மனைவி

நெவில் ப்ராஸருக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் ஒன்பது வருஷமாக அவருக்கு ஒரு மனைவி இருந்தாள். முதலில் வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் இருந்தாள். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, மார்ஃபீல்ட் பெரிய வீட்டின் குதிரை லாய முற்றத்தில் கைவினைச் சந்தை கூடும் நாள் அது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்ற நாட்களிலும் இருக்க ஆரம்பித்தாள்.

இதற்காக அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் பக்கத்து ஆட்கள் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அந்தத் தப்பைத்தான் செய்திருப்பார்கள். காலை மிதித்தவனிடம் மிதிபட்டவன் மன்னிப்புக் கேட்கிற ஊர் இது. அடுத்தவர் முகம் சிவக்கக் கூடாது என்பதற்காக எங்கள் ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு எதையும் பொறுத்துக்கொள்வார்கள், பொய்கூடச் சொல்வார்கள், அந்தப் பொய்யோடு சாகும்வரை குடித்தனமும் நடத்துவார்கள்.

நெவில் பால் டேங்கர் ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வயதில் ஏறி உட்கார்ந்தவர், அறுபத்தொன்றிலும் அதே வேலைதான். விடிவதற்குள் கிளம்பி, மலையடிவாரப் பண்ணைகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், குழாயை மாட்டி, பாலை ஏற்றிக்கொண்டு வருவார். பண்ணைக்காரர்கள் அந்நேரம் கொட்டிலுக்குள் மாடுகளோடு இருப்பார்கள். தூரத்திலிருந்து ஒரு கை தூக்குவார்கள், இவரும் தூக்குவார். அன்றைய பேச்சு அதோடு முடிந்தது. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்றால் பெரிய கதை ஒன்றும் இல்லை. அவர் யாரிடமாவது பேச ஆரம்பிப்பதற்குள் அவர்கள் வேறு யாரையாவது கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

முதல் தடவை அவர் சந்தைக்கு வந்தது கைவினையில் ஆசைப்பட்டு அல்ல. அன்றைக்கு லீவு. வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் ரிப்பேர், சந்தையில் அடுப்பு எரியும் என்று வந்தார். முற்றத்தில் நின்றுகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த கூடைக் கடையின் துணிக் கூரைக்குக் கீழே ஒதுங்கினார். ஒன்றும் வாங்காமல் ஒருவர் கடையில் மழைக்கு ஒதுங்குவது எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய திருட்டு. அதனால் ஒரு கூடையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கடைக்காரி மெரியல், குட்டையான பெண்மணி. கூடை பின்னும் வில்லோ குச்சியை வளைத்து வளைத்துக் கட்டைவிரல் இரண்டும் பட்டையாகிவிட்டிருந்தன. "உங்க வீட்டம்மாவுக்கா?" என்று கேட்டாள். சுற்றிலும் நாலு பேர் நின்றார்கள். இல்லை, எனக்கு வீட்டம்மா கிடையாது என்று சொன்னால் அவள் பதறுவாள், மன்னிப்புக் கேட்பாள், பரவாயில்லை என்று இவர் சொல்ல வேண்டும், நாலு பேரும் கூரையைப் பார்ப்பார்கள். இவ்வளவையும் ஒரு நொடியில் கணக்குப் போட்ட நெவில், "ஆமா" என்றார்.

அத்தோடு போயிருந்தால் கதை இல்லை. அடுத்த வருஷமும் வந்தார். அவளுடைய குரல் அவர் காதிலேயே நின்றிருந்தது, அதைச் சரிபார்க்க வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெரியல் ஆளை அடையாளம் கண்டுகொண்டு, வீட்டம்மாவுக்குக் கூடை பிடித்திருந்ததா என்று விசாரித்தாள். பிடித்திருந்தது என்றார். அதில் என்ன போட்டு வைக்கிறார்கள் என்றாள். வெங்காயம் என்று வாயில் வந்ததைச் சொன்னார். ஏன் கூட வரவில்லை என்றாள். முழங்கால் வலி என்றார். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக வெங்காயத்தை எல்லாம் அந்தக் கூடையில் கொட்டினார். பொய் சொல்கிற பழக்கம் இல்லாதவர். சொல்லிவிட்ட பொய்யில் முடிந்த அளவையாவது உண்மையாக்கிவிட வேண்டும் என்று அவருக்கு இருந்தது.

இப்படியே வருஷத்துக்கு ஒரு கூடையும் மனைவியைப் பற்றி இரண்டு தகவலுமாகச் சேர்ந்துகொண்டு போயிற்று. அவளுக்குக் காலையில் ரேடியோ சத்தம் ஆகாது. சேற்றுப் பூட்ஸோடு சமையலறைக்குள் வந்தால் பிடிக்காது. இஞ்சி பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்பாள், கேட்டால் இல்லை என்பாள். மெரியல் இதையெல்லாம் கேட்டுத் தலையை அண்ணாந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே நெவில் வருஷம் முழுக்க யோசித்து வைத்துக்கொண்டு வருவார்.

யோசிக்க யோசிக்க அந்தப் பெண் வீட்டுக்குள் குடிவந்துவிட்டாள். காலையில் ரேடியோவைத் திருகக் கை நீட்டுவார், நினைவு வந்து நிறுத்திக்கொள்வார். பின்வாசலில் பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார். டேங்கரில் பக்கத்து இருக்கையில் டிபன் பெட்டியை வைப்பதை விட்டுவிட்டார். ஆற்றுப் பனி சாலையில் ஏறி நிற்கும் விடியற்காலைகளில், முன்விளக்கு வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகாமல் பஞ்சில் முட்டி நிற்கும்போது, அந்த இருக்கையில் ஒருத்தி கம்பளிச் சால்வைக்குள் தூங்கிக்கொண்டு வருகிறாள் என்று அவருக்கு உறுதியாகவே தோன்றும். குலுங்கக் கூடாதே என்று பாலத்து மேட்டில் மெதுவாக ஏற்றுவார். அவளுடைய முகத்தை அவர் பார்த்ததில்லை. சால்வைக்கு வெளியே கை மட்டும் தெரியும். கட்டைவிரல் பட்டையாக இருக்கும்.

போன வருஷம் மெரியல் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. கூடையைத் தாளில் சுற்றிக்கொண்டே தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அடுத்த வருஷம் அவங்களக் கூட்டிட்டு வாங்க, நெவில். எனக்குப் பாக்கணும். முழங்காலப் பத்திக் கவலப்படாதீங்க. வண்டி நிறுத்துற வயல்லேர்ந்து டிராக்டர்ல ஏத்திட்டு வந்து விடச் சொல்லி ஏற்பாடு பண்றேன். நடக்கவே வேண்டாம்."

கட்டாயம் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று நெவில் சொல்லிவிட்டு வந்தார். வேறு என்ன சொல்வார்?

அந்த ஒரு வருஷம் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். வராமலே இருந்துவிடலாம். இருந்தால், வருஷத்தில் அவர் வாய் திறந்து பேசுகிற அந்த அரை மணி நேரம் போய்விடும். உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால், ஒன்பது வருஷமாக இல்லாத பெண்டாட்டியைப் பற்றிக் கதை அளந்தவன் பைத்தியம் அல்லது அயோக்கியன் என்று நினைப்பாள். அந்த அரை மணி நேரம் அப்போதும் போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் மெரியல் போய்விடுவாள் என்பதுதான் அவர் பயம். அவள்மேல் அவருக்கு ஆசை. அதை அவர் பக்கத்து இருக்கையில் இருந்தவளிடம்கூடச் சொன்னதில்லை.

இந்த வருஷச் சந்தை நாள் பனியோடு விடிந்தது. பத்து மணிக்கும் பெரிய வீட்டின் புகைபோக்கிகள் மட்டும் மேலே தெரிந்தன, வீட்டைக் காணோம். கார்கள் வயலுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து சேற்றில் வரிசை கட்டின. வண்டிகளை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தவர் கென். பெரிய வீட்டு எஸ்டேட்டின் மரம்வெட்டி, நெவிலோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர். அவர் பின்னால் டிராக்டர் ஒன்று நின்றது. அதன் டிரெய்லரில் வைக்கோல் கட்டுமேல் ஒரு சாய்வு நாற்காலி, நாற்காலியில் மெத்தை, மெத்தைமேல் கம்பளி.

"வாப்பா புது மாப்ள," என்றார் கென். "முழங்கால் முடியாத அம்மா ஒருத்தங்க வருவாங்க, நெவிலோட சம்சாரம், பாத்துக் கூட்டிட்டு வான்னு கூடக்காரம்மா சொல்லியிருக்கு. காலைலேர்ந்து மெத்தைய நனையாம காப்பாத்திட்டு நிக்கிறேன். எங்க, டிக்கிலயா வச்சிருக்க?"

நெவில் காருக்குள்ளேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசிக் கென் கேட்டதே இல்லை. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றி மாட்டினார். பின்னால் மூன்று கார்கள் காத்துக்கொண்டிருந்தன. எங்கள் ஆட்கள் அல்லவா, யாரும் ஹார்ன் அடிக்கவில்லை.

"இதுக்குப் போய் இப்படி முழிக்கிற," என்றார் கென் கடைசியில். "செத்துப் போயிட்டான்னு சொல்லிடு. வசந்த காலத்துல போயிட்டா, கஷ்டப்படல. முடிஞ்சது. அந்தம்மாவும் பாவம்னு ஒரு டீ வாங்கித் தரும்."

நெவிலுக்கும் இந்த யோசனை வந்திருந்தது. ஆனால் வந்தபோதெல்லாம் விரட்டிவிட்டிருந்தார்.

"அவ என்னடா பாவம் பண்ணினா?" என்றார்.

கென் காரை ஓக் மரத்தடியில் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

வாசலில் டிக்கெட்டுக்கு அடையாளமாக மணிக்கட்டில் நீல முத்திரை குத்தினார்கள். முற்றத்துக்குப் போகிற நேர்வழியை விட்டுவிட்டு நெவில் சுற்றுவழியில் நடந்தார். சந்தை பனிக்குள் பாதி மிதந்துகொண்டிருந்தது. கரண்டி செதுக்குகிறவரின் கத்தி தெரியவில்லை, சீவல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. மெழுகுவர்த்திக் கடையிலிருந்து தேன் வாசனை வந்தது. ஆப்பிளை நசுக்கிச் சாறு பிழிகிற இடத்தில் தரையெல்லாம் இனிப்புப் பிசுக்கு. குளவிகள் குளிரில் நடக்க முடியாமல் நடந்தன. யாரோ கட்டிவைத்த நாய் ஒன்று கம்பளித் தொப்பிக் கடையின் மேசைக்கு அடியில் தொப்பியோடு படுத்திருந்தது. ஒவ்வொரு கடையிலும் நின்று, எதையாவது தொட்டு, ரொம்ப அழகு, ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். வரமாட்டார் என்று கடைக்காரர்களுக்குத் தெரியும். தெரிந்தும், நல்லது, நாங்கள் இங்கேதான் இருப்போம் என்றார்கள்.

அந்தச் சால்வைக்காரி அவர் பக்கத்தில் வந்துகொண்டிருந்தாள். இதுவரை சந்தைக்கு அவளைக் கூட்டிவந்ததில்லை, அதனால் எல்லாவற்றையும் நின்று நின்று பார்க்கிறாள் என்று நெவிலுக்குப் பட்டது. முழங்கால் வலியைக் காணோம். மதில் சூழ்ந்த தோட்டத்துக்குள் போனார்கள். அங்கே கடைகள் இல்லை. பனியும், பூசணிக்கொடிகளும், ஒரு கல் இருக்கையும்தான். உட்கார்ந்தார். இடப்பக்கம் அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று அவருக்கே தெரியாது. கூடாரத்தில் பாண்டு வாசிப்பது எங்கோ தண்ணீருக்கடியிலிருந்து கேட்பதுபோலக் கேட்டது. ஒன்பது வருஷமாக ஒரு சுடுசொல் சொல்லாதவள், சமையலறையில் சேறு படாமல் பார்த்துக்கொண்டவள், பாலத்து மேட்டில் தூக்கம் கலையாதவள். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொல்ல வந்தது நன்றியா மன்னிப்பா என்று பிரிக்கத் தெரியவில்லை. கடைசியில், "போயிட்டு வரேம்மா," என்று மட்டும் சொன்னார். எழுந்து நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வெறும் கல் இருக்கைதான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும், அதைப் பார்க்கத் திராணி இல்லை.

மெரியலின் கடையில் இரண்டு பெண்கள் ரொட்டிக்கூடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெவில் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். அவள் நிமிர்ந்து இவரைப் பார்த்தாள். பிறகு இவருக்குப் பின்னால் பார்த்தாள். பார்வை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பெண்கள் சுற்றிவிட்டு வருவதாகச் சொல்லி நகர்ந்தார்கள்.

"தனியா வந்திருக்கீங்க," என்றாள்.

"ஆமா."

"முழங்காலா?"

எவ்வளவு சுலபம். ஆமா என்று இன்னொரு தடவை சொன்னால் போதும், இன்னொரு வருஷம் ஓடிவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. நெவில் கூடைகளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு, அந்த ஒருவர் கேட்க விரும்பாததைச் சொன்னார்.

"முழங்கால் இல்லைங்க. ஆளே இல்ல. எனக்குக் கல்யாணமே ஆகல. அன்னைக்கு நீங்க கேட்டீங்க, நாலு பேர் நின்னாங்க, ஆமான்னுட்டேன். அப்புறம் மாத்தத் தெரியல."

சொல்லிவிட்டு அடி விழக் காத்திருப்பவர்போல நின்றார். மெரியல் கையிலிருந்த குச்சியை மேசைமேல் வைத்தாள்.

"தெரியும்," என்றாள்.

நெவிலுக்குப் புரியவில்லை.

"மூணாவது வருஷமே தெரியும். டீக் கூடாரத்துல டீ ஊத்துற ஐரீன்கிட்ட, பால்வண்டிக்காரரோட சம்சாரத்துக்கு முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டேன். எந்தச் சம்சாரம், அவரு ஒண்டிக்கட்டைன்னு சொல்லிச் சிரிச்சா. நான் சிரிக்கல." ஒரு கூடையின் பிடியைத் துடைத்தாள். "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? இந்த மனுஷனுக்கு என் பார்வை புரிஞ்சுபோச்சு. கிட்ட வராதேன்னு சொல்ல மரியாதை விடல. அதனால நடுவுல ஒரு பொண்டாட்டிய வேலி மாதிரி நட்டு வச்சிருக்காரு. சரி, வேலியத் தாண்ட மாட்டேன்னு அவருக்குக் காட்டணும். அதுக்குத்தான் வருஷா வருஷம் அவங்க எப்படி இருக்காங்க, எப்படி இருக்காங்கன்னு கேட்டேன். நீங்க ரேடியோ பிடிக்காது, பிஸ்கட் பிடிக்கும்னு சொல்லச் சொல்ல, ஒவ்வொன்னும் எனக்கு ஒரு முள்ளு. சிரிச்சுட்டு வீட்டுக்குப் போய் அழுதிருக்கேன்."

அவளைச் சிரிக்க வைக்க நெவில் வருஷம் முழுக்கச் சேர்த்துவைத்தாரே, அந்தத் தகவல்கள் ஒவ்வொன்றாக அவர் கண்முன் வந்து நின்றன.

"அப்புறம் ஏன் கூட்டிட்டு வரச் சொன்னீங்க?" என்று ஒருவழியாகக் கேட்டார்.

"போன வருஷம் எங்க அக்கா போயிட்டா. எல்லாத்தையும் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டவ அவ. எனக்குத் தெரிஞ்சாகணும்னு ஆயிடுச்சு. டிராக்டர் வரைக்கும் ஏற்பாடு பண்ணினா உங்களுக்கு வேற வழி இருக்காது. ஒண்ணு உண்மையச் சொல்லுவீங்க, இல்ல வராம நின்னுடுவீங்க." முற்றத்து வாசல் பக்கம் கையைக் காட்டினாள். "காலைலேர்ந்து வாசலையே பாத்துட்டு இருக்கேன். பதினோரு மணி ஆனதும், சரி, இதுதான் பதில்னு நினைச்சுட்டேன்."

"தோட்டத்துல உக்காந்திருந்தேன்," என்றார் நெவில்.

பனி கொஞ்சம் விலகி முற்றத்துக் கடிகாரம் தெரிந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். பார்க்க வேறு எதுவும் இல்லாததால் பார்த்தார்கள். யாரோ ஒருவர் வந்து ஒரு கூடையைத் தூக்கிப் பார்த்து, இவர்கள் முகத்தைப் பார்த்து, மெதுவாக வைத்துவிட்டு நகர்ந்தார்.

"ஏழு வருஷம்," என்றாள் மெரியல். இப்போது அவளுக்குக் கோபம் வந்திருந்தது, நியாயமான கோபம். "எனக்கு அறுபத்திரண்டு வயசு நெவில். நம்ம ரெண்டு பேரோட மரியாதையும் சேந்து ஏழு வருஷத்த முழுங்கிடுச்சு. அத யார்கிட்ட போய்க் கேக்கறது?"

நெவில் மேசைமேல் கிடந்த குச்சியை எடுத்து அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். கோபம் வற்றி, வெறும் ஆவலில் கேட்டாள்.

"பேரு என்ன வச்சீங்க அவங்களுக்கு? ஒரு தடவகூட நீங்க சொன்னதில்ல."

"வைக்கல."

"ஏன்?"

நெவில் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார்.

"வச்சா உங்க பேருதான் வந்திருக்கும்," என்றார்.

மெரியல் மேசைக்கு அடியில் குனிந்து தார்ப்பாயை இழுத்தாள். ரொட்டிக்கூடை, முட்டைக்கூடை, விறகுக்கூடை எல்லாவற்றின்மேலும் ஒரே வீச்சில் விரித்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு முன்னால் எந்தக் கடையும் மூடக் கூடாது என்பது மார்ஃபீல்டின் சட்டம். புயல் வந்த வருஷம்கூட ஒருத்தரும் மீறியதில்லை. கையில் பட்டை கட்டிய மேற்பார்வையாளர் ஓட்டமும் நடையுமாக வந்தார். மன்னிக்கணும், தொந்தரவு பண்ணுகிறேன், மணி பன்னிரண்டுகூட ஆகவில்லையே, உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். உடம்பு முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவரும் சந்தோஷமாகத் திரும்பிப் போயிருப்பார்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் மெரியல். "எனக்கு இவர்கூடப் போகணும்னு ஆசையா இருக்கு, அதான் மூடறேன்."

மேற்பார்வையாளரின் முகம் காது வரைக்கும் சிவந்தது. நெவில் தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்து இழுத்துக் கட்டினார்.